சுத்தமான நீரில் வாடும் பவளம்

வீட்டுப் பவளத் தொட்டியில் எது கெட்டாலும் வைத்தியம் பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகிறது. பாறையில் பாசி படர்ந்தால் பாஸ்பேட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். பவளம் பழுப்பேறினால் நைட்ரேட்டைக் குறைக்கச் சொல்கிறார்கள். தீனி பாதியாகிறது, கழிவை நுரையாக வெளியேற்றும் ஸ்கிம்மர் முடுக்கப்படுகிறது, மிச்சமிருப்பதையும் உறிஞ்சிவிட இரும்பு ஆக்சைடு துகள் உள்ளே போகிறது. இரண்டு அளவுகளும் சுழியைத் தொட்டால் தொட்டி தேறிவிட்டதாகக் கணக்கு. இந்த வைத்தியத்தால் பிழைத்த தொட்டிகள் நிறைய உண்டு, மறுக்கவில்லை. எந்தக் கோளாறுக்கு இது மருந்து, எந்தக் கோளாறு இதனாலேயே வருகிறது என்று பாராமல் எல்லாத் தொட்டிக்கும் இதையே எழுதிக் கொடுப்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

சுழிக் கொள்கைக்குப் பின்னால் உள்ள சான்று வலுவானது. ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒன் ட்ரீ தீவை ஒட்டிய ஒரு சிறு திட்டில், மாதக்கணக்கில் நைட்ரஜனும் பாஸ்பேட்டும் சேர்த்துப் பார்த்தார்கள் ஆய்வாளர்கள் கின்சியும் டேவிஸும். பவளங்கள் சுண்ணாம்பு கட்டும் வேகம் பாதிக்கும் மேல் சரிந்தது என்று 1979இல் எழுதினார்கள். அவர்கள் சேர்த்த பாஸ்பேட் லிட்டருக்கு ஏறத்தாழ 0.19 மில்லிகிராம்; கவனிக்காமல் விட்ட வீட்டுத் தொட்டி எளிதில் எட்டும் அளவு அது. பாஸ்பேட் மீது பவளம் வளர்ப்போர் கொண்ட அச்சத்துக்கு இங்கே நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே தீவில் 1993 முதல் 1996 வரை நடந்த, நீரில் சத்தைச் சேர்த்துப் பார்த்த என்கோர் ஆய்வு இந்தச் சித்திரத்தைச் சிக்கலாக்கியது. நைட்ரஜன் பவள வளர்ச்சியைக் குன்றச் செய்தது. பாஸ்பரஸ் சேர்த்த இடங்களில் பவளம் நீண்டு வளர்ந்தது, ஆனால் எலும்புக்கூட்டின் அடர்த்தி குறைந்து எளிதில் முறியும்படி ஆனது. அளவைக் கூட்டிய இரண்டாம் கட்டத்தில் சில பவளங்கள் மடிந்தன. இவ்வளவு உரமிட்டும் பாசி எழுந்து பாறைகளை மூடிவிடவில்லை. கடலில் பாசியை மேய ஆள் இருக்கிறது. வீட்டுத் தொட்டியில் பச்சைப் பாசி நீளமாகத் தொங்கினால் பாஸ்பேட் அளவைக் கேட்பதற்கு முன், மேயும் நத்தையும் மீனும் போதுமான அளவு இருக்கின்றனவா என்று கேட்பதே முறை.

சுழிக் கட்சியின் இன்னொரு வாதம், பவளக் கடலின் நீரே ஏறக்குறைய சத்தற்றதுதானே என்பது. அளந்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் நீரில் நிற்கும் அளவு வேறு, நீரோடு வந்துசேரும் வரத்து வேறு. அந்தக் கடலில் அலை ஓயாமல் மிதவை உயிரிகளைக் கொண்டுவந்து பவளத்தின் வாயில் சேர்க்கிறது. 2013இல் சயின்ஸ் இதழில் தெ கூய் குழுவினர் காட்டியபடி, கடற்பஞ்சுகள் நீரில் கரைந்த கரிமப் பொருளை உண்டு, தம் செல்களை உதிர்த்து மற்ற உயிரிகளுக்கு இரையாக்குகின்றன. சத்து கைமாறிக்கொண்டே இருப்பதால் நீரில் தங்குவதில்லை. வரத்தையும் அடைத்து, நீரில் நிற்பதையும் உறிஞ்சிய தொட்டியின் எண் கடலோடு பொருந்தலாம். உள்ளிருக்கும் பவளம் பட்டினி கிடக்கும்.

பட்டினியின் விளைவும் தெரிந்ததே. சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் வீடன்மானும் உடன் பணியாற்றியோரும் தொட்டிகளிலேயே இதைச் சோதித்தார்கள். நைட்ரஜன் இருந்து பாஸ்பேட் மட்டும் அற்றுப்போனால், பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவளிக்கும் பாசி நலிகிறது. வெப்பமும் ஒளியும் கூடும்போது பவளம் வெளுக்கிறது. 2013இல் வந்த இந்த முடிவை 2017இல் வந்த அவர்களின் அடுத்த ஆய்வு உறுதிப்படுத்தியது. பாஸ்பேட்டை மட்டும் துடைத்தெடுக்கும் துகளைத் தயங்காமல் போடுபவர் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

வழக்கைத் தீர்ப்பது டைனோ என்று வளர்ப்போர் சொல்லும் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரியின் தொல்லை. மணலிலும் பாறையிலும் பழுப்பு நிறக் கோழை, அதில் சிக்கிய காற்றுக் குமிழிகள், விளக்கு எரியும்போது பெருகி இரவில் குறையும் போக்கு, சில வேளை செத்து விழும் நத்தைகள். சோதித்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழி. பார்த்தவர் பாசி என்று நினைத்துத் தீனியை இன்னும் குறைக்கிறார். கோழை இன்னும் தடிக்கிறது. சத்து வற்றிய நீரில் போட்டி உயிரிகள் ஒதுங்கிவிடுவதால் டைனோவுக்கு இடம் முழுதும் கிடைக்கிறது. அங்கே சத்தைக் கூட்டுவதே மருந்து. செத்த உலர் பாறையை வைத்துத் தொடங்கிய இளம் தொட்டிகளில் இதை அடிக்கடி காண்கிறோம்.

இங்கே நேர்மையான மறுப்பு ஒன்று உண்டு. பச்சைப் பாசி மண்டிய தொட்டியிலும் சோதனை சுழி காட்டலாம். வந்த சத்தை எல்லாம் பாசியே தின்றுவிட்டிருக்கும். அங்கே மேலும் உரமிடுவது தவறு. ஆக, ஒரே எண்ணுக்கு எதிரெதிரான இரண்டு மருந்துகள். எண்ணை வைத்து நோயைப் பெயரிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, வீட்டில் பயன்படும் நல்ல பாஸ்பேட் கருவிகளிலேயே லிட்டருக்கு 0.02 மில்லிகிராம் வரை பிழை வரும், 0.00க்கும் 0.02க்கும் நடுவே முடிவெடுப்பது குருட்டுத்தனம்.

பெயரிட வழி இருக்கிறது, செலவும் குறைவு. கோழையைக் கொஞ்சம் தொட்டி நீரோடு குலுக்கி, மெல்லிய தாளில் வடிகட்டி, தெளிந்த நீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி நூல் நூலாகத் திரண்டால் டைனோ என்று ஐயப்படலாம். பிறகு 400 மடங்கு பெரிதாக்கும் சாதாரண நுண்ணோக்கி போதும். துளி வடிவில், கயிற்றில் கட்டியதுபோல் ஒரே புள்ளியைச் சுற்றினால் அது ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற டைனோ வகை. இரவில் அது நீரில் மிதந்து எழுவதால் புற ஊதா விளக்கு அதை அழிக்கும். இன்னொரு டைனோவான பெரிய வகை ஆம்ஃபிடினியம் மணலை விட்டு எழாது. அதற்கு விளக்கு வாங்குவது வீண். அங்கே சிலிக்கேட் சேர்த்து டையாட்டம் எனும் நுண்பாசிகளைப் போட்டிக்கு வளர்ப்பதே பலருக்குப் பலன் தந்த வழி.

எதிர்ப் பக்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. "அழுக்கு நீரே பவளத்துக்கு நல்லது" என்று தாராளமாகத் தீனி போடும் கட்சி இப்போது வலுத்து வருகிறது. பாஸ்பேட்டைச் சுண்ணாம்புப் பாறை தனக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும் என்பதை இவர்கள் மறக்கிறார்கள். அளவு தெரியாமல் ஏற்றிய பாறை, பின்னாளில் தீனியைக் குறைத்த பிறகும் பல மாதங்கள் அதைக் கக்கிக்கொண்டே இருக்கும். டைனோ வந்த தொட்டியில் பாஸ்பேட்டைச் சேர்க்கும்போது இதே குணம் வேறு விதமாகத் தெரியும்: முதல் சில நாள் எவ்வளவு சேர்த்தாலும் பாறை விழுங்கி எண் சுழியிலேயே நிற்கும். பொறுமையிழந்து அளவை இரட்டிப்பதே அங்கு நேரும் விபத்து.

காரத்தன்மையை இரு கட்சியும் ஓரமாகவே வைக்கின்றன. இயற்கைக் கடல்நீரில் அது ஏறத்தாழ 7 டிகேஹெச் (காரத்தன்மையின் அலகு). சந்தையில் கிடைக்கும் சில உப்புகள் 11க்கும் மேல் ஏற்றிவிடுகின்றன. சத்து அற்ற நீரில் அவ்வளவு காரத்தன்மை சேர்ந்தால் கிளைப்பவளங்களின் நுனி வெந்தாற்போல் வெளுப்பதை அனுபவமுள்ள வளர்ப்போர் பலர் கண்டிருக்கிறார்கள். நுனி வெளுத்ததும் பழி விளக்கின் மேல் போகிறது.

என் தீர்ப்பு இது. சுழி என்பது எந்த நிலையிலும் இலக்காகக் கூடாது. நைட்ரேட் லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 மில்லிகிராம், காரத்தன்மை 7 முதல் 8.5 டிகேஹெச் வரை ஓர் இடத்தில் அசையாமல் நின்றால், அதற்கு மேல் எண்ணைத் துரத்த வேண்டியதில்லை. ஸ்கிம்மர் இருக்கட்டும், அது கழிவை எடுப்பதோடு நீருக்குக் காற்றும் ஊட்டுகிறது. பாஸ்பேட் உறிஞ்சும் துகளுக்கு மட்டும் வரம்பு வேண்டும்: வாரக்கணக்கில் பாஸ்பேட் 0.2க்கு மேல் நின்று, மேயும் உயிரிகளும் போதிய அளவு இருந்து, அப்போதும் பாசி அடங்காவிட்டால் போடலாம். அப்போதும் முழு அளவில் வேண்டாம், கால் பங்கில் தொடங்கி வாரம் ஒருமுறை அளந்து பார்த்து, 0.1ஐத் தொட்டதும் எடுத்துவிட வேண்டும்.