வரைபடத்தில் இல்லாத புள்ளி: அட்லாண்டிக்கைக் கடக்கும் ஒரு விளையாட்டை வாசித்தல்

ஃபிளைட் சிமுலேட்டரைப் பற்றி ஒரு சிற்றிதழில் எழுத என்ன இருக்கிறது? "அட, கம்ப்யூட்டர்ல பிளேன் ஓட்டுற வெளையாட்டு, அதுக்கு ஒரு கட்டுரையா?" என்று தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டு என்று ஒதுக்கப்படும் பிரதிகளில்தான் அதிகாரம் கூச்சமில்லாமல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது. சினிமாவையும் பாடநூலையும் கட்டுடைத்துப் பார்த்த நாம் இதையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

சில வருஷங்களாக நான் இந்த விளையாட்டில் அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருக்கிறேன். பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரைகூடக் கிடையாது. லண்டன் ஹீத்ரோவிலிருந்து நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்குச் சுமார் 5,540 கிலோமீட்டர். மேலே ஏறிய பிறகு ஓட்டுவது பெரிய காரியமில்லை, தானியங்கி பார்த்துக்கொள்ளும். கிளம்புவதற்கு முன் வழியை எழுதுவதுதான் வேலை. எனவே இதை ஓட்டும் விளையாட்டு என்பதைவிட எழுதும் விளையாட்டு என்பதே பொருந்தும்.

எழுதுவது எப்படி? உருண்டைப் பூமியில் இரண்டு ஊர்களுக்கிடையே மிகக் குறுகிய கோடு பெருவட்டக் கோடு. மெர்க்கேட்டர் 1569இல் தந்த தட்டை வரைபடத்தில் அது வடக்கே வளைந்து போவதாகத் தெரியும். வழி ஒழுங்காகத்தான் இருக்கிறது, படம்தான் கோணல். 1927 மே மாதம் நியூயார்க்கிலிருந்து பாரிசுக்குத் தனியாகப் பறந்த லிண்ட்பெர்க் இந்தக் கோட்டை நூறு நூறு மைலாக வெட்டி, ஒவ்வொரு வெட்டிலும் மாற்ற வேண்டிய திசையைக் குறித்து வைத்துக்கொண்டார். அந்த வெட்டுகளைத்தான் இன்று வேபாயிண்ட் என்கிறார்கள். வழிப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

இன்று அந்தக் கோட்டை எழுதுவது தனி ஆள் அல்ல, இரண்டு அலுவலகங்கள். பகலில் மேற்கே போகும் விமானங்களுக்கான தடங்களை ஷான்விக் எழுதுகிறது. அயர்லாந்தின் ஷானனும் ஸ்காட்லாந்தின் பிரெஸ்ட்விக்கும் ஒட்டிப் பிறந்த பெயர் அது. இரவில் கிழக்கே வரும் தடங்களை எழுதுவது கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள கேண்டர். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்றில் கிழக்கே வருகிறவர் ஏறிக்கொள்ள வேண்டும், மேற்கே போகிறவர் அதற்கு விலக வேண்டும். காற்று தினமும் இடம் மாறும். அதனால் தடமும் தினமும் மாறும். நேற்றைய ‘ஏ’ தடத்தில் இன்று பறக்க முடியாது. சிமுலேட்டர்காரரும் அதே அறிவிப்பை எடுத்துத்தான் தன் வழியை எழுதுகிறார். 2001இல் தொடங்கிய வாட்சிம் என்ற இணைய வலையமைப்பில் தன்னார்வலர்கள் ஷான்விக் கட்டுப்பாட்டாளர்களாகவே உட்கார்ந்து பேசுகிறார்கள்.

இந்த இடத்தில் நம் கோட்பாட்டு நண்பர்கள் ழான் போத்ரியாரைக் கூப்பிட்டுவிடுவார்கள். நிலத்துக்கு முன்பாகவே வரைபடம் வந்துவிடுகிறது என்று அவர் 1981இல் எழுதியது இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறதே என்பார்கள். பொருந்தத்தான் செய்கிறது. சிமுலேட்டரில் மட்டுமில்லை, நிஜ அட்லாண்டிக்கிலும் அப்படித்தான். நாளுக்கு இரண்டு முறை எழுதி அழிக்கப்படும் அந்தத் தடத்துக்குக் கீழே மிதவை கிடையாது, கம்பம் கிடையாது. நிஜ விமானியும் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளையாடுகிறவனும் ஒரே பிரதியை வாசிக்கிறார்கள். எது அசல், எது போலி என்ற கேள்வியோடு நின்றுபோனால் வேறொரு கேள்வி தப்பித்துவிடுகிறது: இந்தப் பிரதியில் எதற்குப் பெயர் உண்டு, எதற்கு இல்லை?

அயர்லாந்துக்கு மேற்கே, 15 பாகை மேற்குத் தீர்க்கத்தில், வடக்கிலிருந்து தெற்காக ஒரு பாகைக்கு ஒன்றாக நிற்கும் புள்ளிகள்: டோகல், மாலாட், லிம்ரி, டினிம், சோமாக்ஸ். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிப்படி பெயர் ஐந்தெழுத்தாக இருக்க வேண்டும், வாயில் நுழைய வேண்டும், வேறெங்கும் அதே பெயர் இருக்கக் கூடாது. பொருள் அவசியமில்லை. குறிப்பான் மட்டும் போதும், குறிப்பீடு வேண்டாம் என்று ஓர் அமைப்பே சட்டம் போட்டிருக்கிறது!

அதற்கு அப்பால் நடுக்கடலில் பெயரும் போய்விடும். பத்துப் பாகைக்கு ஒரு புள்ளி, வெறும் எண். வடக்கு 53, மேற்கு 20 என்பதை ‘5320’ என்று அடித்துக் கடைசியில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்க்க வேண்டும். அந்த எழுத்து வடக்கை மட்டும் குறிப்பதில்லை, வடமேற்குக் கால்பகுதியைக் குறிக்கிறது. வடகிழக்குக்கு ‘ஈ’. நம் சென்னை அந்தக் கணக்கில் ‘1380ஈ’. தீர்க்கம் நூறைத் தாண்டினால் எழுத்து நடுவே ஏறிக்கொள்ளும். கடைசியில் வர வேண்டிய எழுத்தை நடுவில் போட்டால் புள்ளி நூறு பாகை நகர்ந்து கனடாவின் மேற்கு மலைகளில் போய் விழும். இத்தனை எண்களும் 1884இல் வாஷிங்டன் மாநாடு லண்டன் கிரீன்விச்சைப் பூஜ்யம் என்று வைத்ததிலிருந்து தொடங்குபவை. கடலின் நடுவிலும் நாம் லண்டனிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறோம் என்றுதான் சொல்லிக்கொள்கிறோம்.

கடல் முடிந்து கனடா நெருங்கும்போது பெயர்கள் திரும்பி வருகின்றன. லாப்ரடார் கரைக்கு அப்பால் ஸ்க்ராட், ஆய்ஸ்டர், ப்ரான். ஸ்க்ராட் என்றால் இளங்காட் மீன், மற்றவை சிப்பியும் இறாலும். இங்கே மட்டும் குறிப்பானுக்குக் கீழே ஒரு வாழ்க்கை இருக்கிறது. பெருங்கப்பல்களின் வேட்டையில் காட் மீன் வற்றிப்போக, 1992 ஜூலை 2 அன்று கனடா அரசு வடக்குக் காட் மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. நியூஃபவுண்ட்லாந்தில் சுமார் 30,000 பேருக்கு வேலை போனது. தடையை விலக்க 2024 வரை ஆனது. கடலில் பிடிக்கக் கூடாத மீனை வானத்தில் விமானங்கள் தினமும் தொட்டுக்கொண்டு போயின. மீனவரின் மொழியிலிருந்து சொல்லை எடுத்துக்கொண்ட வரைபடம் மீனவரை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த மீனவர்களுக்கு நாம் ஒரு கடன் பட்டிருக்கிறோம். 1986 ஆகஸ்ட் 11 அன்று, இதே நியூஃபவுண்ட்லாந்தின் தென்முனையில், செயின்ட் ஷாட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 ஈழத்தமிழர்களைக் கண்டு கரைசேர்த்தவர்கள் உள்ளூர் மீன்பிடிப் படகுக்காரர்கள். 1983க்குப் பிறகு மேற்கு ஜெர்மனி வரை போய்ச்சேர்ந்து, அங்கிருந்து கப்பலேறி, நடுக்கடலில் இறக்கிவிடப்பட்டவர்கள் அவர்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு உண்மை தெரியவந்ததும் பொய்யர்கள் என்று கனடாவில் கூச்சல் எழுந்தது. அரசு ஓராண்டு தங்கும் அனுமதி கொடுத்தது.

அந்தப் ‘பொய்’யை நான் ஒரு பயணத் திட்டமாக வாசிக்கிறேன். கிளம்பிய இடம் என்ற கட்டத்தில் உண்மையை எழுதினால், ஏற்கெனவே ஜெர்மனியில் இருந்தவர்தானே, திரும்பிப் போ என்று வழி அடைபட்டுவிடும் என்ற பயம். சிமுலேட்டரில் அந்தக் கட்டத்தில் நான் எந்த ஊரை வேண்டுமானாலும் எழுதலாம். எரிபொருள் எவ்வளவு, காற்று எவ்வளவு, எந்த உயரம் என்று அது எல்லாவற்றையும் கேட்கிறது. உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுடைய காகிதம் என்ன என்று மட்டும் கேட்பதில்லை. நிஜத்தில் அட்லாண்டிக்கைக் கடப்பதற்கு முதல் வழிப்புள்ளி தூதரகத்தின் ஜன்னல். வானத்தின் ஒவ்வொரு விதியையும் நகலெடுக்கத் துடிக்கும் விளையாட்டு, தரையின் இந்த ஒரு விதியை விட்டுவிட்டுத்தான் தன்னைத் தத்ரூபம் என்று சொல்லிக்கொள்கிறது. விசா கிடைக்காதவனுக்கு அதில் கிடைக்கும் சந்தோஷமும் இந்த விடுபடலால்தான். அந்தச் சந்தோஷத்தை நான் கேலி செய்ய மாட்டேன், எனக்கும் அது உண்டு.

அப்படியானால் இதைத் தூக்கி எறிந்துவிட வேண்டுமா? வேண்டாம். இந்தப் பிரதியில் ஒரு இடுக்கு இருக்கிறது. தரவுத்தளத்தில் இல்லாத புள்ளியையும் அட்சம், தீர்க்கம் அடித்து நாமே உண்டாக்கிக்கொள்ளலாம். செயின்ட் ஷாட்ஸுக்கு அருகே வடக்கு நாற்பத்தாறரை, மேற்கு ஐம்பத்து மூன்றரை வாக்கில் ஒரு புள்ளி வைத்து, லண்டன்–நியூயார்க் வழியை அதன் மேலாக எழுதிப் பார்த்தேன். பெருவட்டக் கோட்டைவிட நாற்பது கிலோமீட்டர்கூட அதிகமாகவில்லை. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது அது. சிமுலேட்டர் மறுப்பு எதுவும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. இந்த விளையாட்டை விளையாடும் நம் பிள்ளைகளிடம், அடுத்த முறை அட்லாண்டிக் வழி எழுதும்போது அந்தப் புள்ளியையும் சேர்க்கச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்பார்கள். அப்போது 155 பேரின் கதையைச் சொல்லலாம்.