விடையைக் காட்டுவதும் கொடுப்பதும்

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலை எடுக்கும் மாணவர் பாஸ்கலில் செய்நிரல் எழுதப் பழகுகிறார். உயர்தரத்தில் அது பைதானாகிறது. பசறை, லுணுகலை, மொனராகலைத் தோட்டப் பிள்ளைகளுக்கும் இதே பாதைதான். இந்தப் பாதையில் சார்புகளைக் கற்பிக்கும் முறைக்கு ஒரு பலம் உண்டு. கவனிக்காமல் விட்ட ஒரு குறையும் உண்டு.

பலம், தாளில் செய்து பார்ப்பது. ஒவ்வொரு வரியிலும் மாறிகளின் பெறுமானம் என்னவென்று அட்டவணை போட்டு விடை காணும் பழக்கத்தைப் பரீட்சை வளர்க்கிறது. வீட்டில் கணினி இல்லாத பிள்ளையும் இதைச் செய்யலாம். சார்புக்குள் போனது என்ன, வெளியே வந்தது என்ன என்று எழுதிப் பழகியவருக்குப் பிழையை எங்கே தேடுவதென்று தெரியும். பாடசாலைக்குக் கணினி அறை கிடைத்தாலும் இதைக் கைவிடக் கூடாது.

குறை, மொழி மாறும் இடத்தில் இருக்கிறது. பாஸ்கலில் வேலையை மட்டும் செய்வது 'புரொசீஜர்', விடை தருவது 'ஃபங்ஷன்'. எந்த வகைப் பெறுமானம் திரும்பும் என்பதையும் ஃபங்ஷனின் முதல் வரியிலேயே எழுத வேண்டும். பைதானில் இரண்டுக்கும் 'டெஃப்' ஒன்றுதான். 'ரிட்டர்ன்' எழுத மறந்தாலும் அது தடுக்காது. 'நன்' என்ற வெறுமையைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

தோட்டக் கணக்கையே எடுப்போம். 18 கிலோ கொழுந்து எடுத்தால் ஒரு பேர் (முழுநாள் சம்பளம்), குறைந்தால் அரைப்பேர் என்று வைத்துக்கொள்வோம். கிலோவை வாங்கி 1 அல்லது 0.5 சொல்லும் சார்பை மாணவர் எழுதுகிறார். பைதான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்பதால் அதற்குப் 'பேர்' என்றே பெயர் வைக்கலாம். ரிட்டர்னுக்குப் பதிலாக 'பிரின்ட்' போடுகிறார். 20 கிலோவுக்கு 1, 15 கிலோவுக்கு 0.5, திரையில் எல்லாம் சரி. பேர்(20) + பேர்(15) என்று கூட்டச் சொன்னால், அதே 1, 0.5 வந்த கையோடு செய்நிரல் பிழை காட்டி நின்றுவிடுகிறது. சார்பு விடையைக் காட்டியது, கொடுக்கவில்லை. ஒரு தடவை மட்டும் இயக்கிப் பார்க்கும் பயிற்சியில் இந்தத் தவறு கடைசிவரை வெளிப்படாது.

18 என்ற எண்ணைச் சார்புக்குள்ளேயே எழுதிவிடுவது அடுத்த தவறு. தோட்டத்துக்குத் தோட்டம் அளவு மாறும். மொனராகலையில் கொழுந்துக்குப் பதில் இறப்பர் பாலாகவும் இருக்கலாம். அளவையும் வெளியிலிருந்து வாங்கினால் ஒரே சார்பு எல்லா இடத்துக்கும் பொருந்தும். வரைவிலக்கணத்தை மனப்பாடம் செய்தவருக்கு இது புரியாது. இரண்டு தோட்டக் கணக்கைப் போட்டவருக்குப் புரியும்.

தெரிவும் மீள்செயலும் முடிந்த பிறகே சார்பைத் தொடுவது வழக்கம். அடிப்படை தெரியாமல் சார்பு எழுத முடியாது என்ற நியாயம் அதற்கு உண்டு. ஆனால் எழுதுவதற்கு முன்பே பயன்படுத்தலாமே! கேம்பிரிட்ஜின் எட்சாக் கணினியில், பிறர் எழுதி நூலகமாகச் சேர்த்த உப செய்நிரல்களை எடுத்தே பலர் வேலை செய்தார்கள்; வில்க்ஸ், வீலர், கில் மூவரும் 1951இல் வெளியிட்ட நூல் அந்த முறையை விளக்கியது. ஆசிரியர் எழுதித் தந்த சார்பை முதல் வாரத்திலேயே அழைத்துப் பார்க்கட்டும். எழுதுவது பிறகு வரட்டும்.

வினாத்தாளும் மாற வேண்டும். சார்பின் நன்மைகளைப் பட்டியலிடச் சொல்லும் கேள்வியைவிட, ஒரு சார்பு தந்த விடையை இன்னொன்றுக்குக் கொடுக்கச் சொல்லும் கேள்வி மேல். தாளிலேயே கேட்கக்கூடிய இதற்குப் புதிய கணினி எதுவும் தேவையில்லை.