வேட்பாளர் சமயம்: கொல்லிமலையை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

தேர்தல் அணுகுங்காலந்தோறும் சைவ நன்மக்களிடையே ஒரு கொள்கை தலைதூக்குகின்றது. திருநீறு தரித்தவர்க்கே வாக்களித்தல் சைவர் கடன் என்பதும், பிற சமயத்தாரை அவைக்கு அனுப்புதல் சிவாபராதமாய் முடியும் என்பதும் அதன் சாரம். இதனை உரைப்போர் பலரும் நல்லெண்ணமுடையவரே. எனினும் நல்லெண்ணத்தாற் பிறந்த கொள்கையும் ஆராயப்படுதல் வேண்டுமாகலின் ஈண்டுச் சில கூறப் புகுகின்றாம். ஆராய்ச்சிக்குக் கொல்லிமலையைக் கொண்டது, அறப்பளீசுரர் எழுந்தருளிய தலம் என்னும் அன்பினால் மட்டும் அன்று; இவ்வினாவைச் சட்டமே அம்மலைமேல் ஒருவாறும் அடிவாரத்தில் மற்றொருவாறும் வைத்திருத்தலானுமாம்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்துச் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியைச் சார்ந்தது. அத்தொகுதி பழங்குடியினர்க்கென ஒதுக்கப்பட்டது. மலையில் வாழும் மலையாளிகள் (இவர் கேரள நாட்டார் அல்லர்) அப்பட்டியலில் உள்ளவர். பழங்குடிப் பட்டியலுக்குச் சமய நிபந்தனை இல்லை; ஆகவே மலையாளி ஒருவர் வேற்றுச் சமயம் புகுந்தாலும் அஃதொன்றே அவர் வேட்பாளராதற்குத் தடையாகாது. அடுத்துள்ள இராசிபுரம் தொகுதியோ பட்டியற் சாதியினர்க்குரியது. 1950ஆம் ஆண்டின் ஆணை அப்பட்டியலை இந்து சமயத்தார்க்கே உரியதாக்கிற்று. பின்னர்ச் சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர். கிறித்தவரும் முகமதியரும் புறத்தே நிற்கின்றனர். ஆக, மலைமேல் வேட்பாளரின் சமயத்தைச் சட்டம் வினவவில்லை. மலையடியில் முதற்கண் அதனையே வினவுகின்றது.

அங்ஙனம் வினவிக் கண்டது யாது? கோலார் தங்கவயலில் நிகழ்ந்த வழக்கு இதற்குச் சான்றாகும். 1967ஆம் ஆண்டு மைசூர்ச் சட்டமன்றத் தேர்தலில் அவ்வொதுக்கீட்டுத் தொகுதியில் வென்ற இராசகோபால் என்பார், முன்னரே கிறித்தவராயினார் என்பது பற்றித் தகுதியிழந்தார். 1972இல் மீண்டும் வென்றார். மீண்டும் வழக்கு எழுந்தது. அவர் தாய்ச்சமயம் திரும்பினார், ஆதிதிராவிடச் சாதியார் அவரை ஏற்றுக்கொண்டனர் எனக் கண்டு 1975இல் உச்சநீதிமன்றம் அவ்வெற்றியை நிலைநிறுத்திற்று. நடுவர் எவ்வளவு நுணுகி ஆராய்ந்தும் அவர்க்கு எட்டியது சாதியார் ஏற்பும் புறவொழுக்கமுமேயன்றி உள்ளத்தே நிகழும் சமயம் அன்று. அவர்மேற் குற்றமில்லை. ஓர் உயிர்க்குச் சத்திநிபாதம் நிகழ்ந்ததோ இலதோ என்பதனை அளக்கும் கோல் எந்த மன்றத்திலும் இல்லை. மன்றத்திற்கு எட்டாதது வாக்குச்சாவடிக்கு எட்டுமோ?

புறவேடமே போதும், அதுவே நமக்கு வணங்கத்தக்கது என்பர் சிலர். இவ்விடத்தேதான் வழு மிகப் பெரிதாகின்றது. சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் திருவேடத்தையும் ஆலயத்தையும் அரனெனவே தொழப் பணித்தல் உண்மையே. தொழப் பணித்ததேயன்றி அதன் கையில் நாட்டுப் பொருளை ஒப்புவிக்கப் பணித்திலது. மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை நினைமின். முத்தநாதன் நீறு பூசிச் சுவடியிலே படையை மறைத்து வந்தான். நாயனார் அவ்வேடத்தையே மெய்யெனத் தொழுது உயிர் நீத்தார். வாளோங்கிய தத்தனைத் தடுத்துப் பகைவனைக் காவலோடு போக்கினார். அவர் கொடுத்தது தம் உயிர். நீற்றைக் கண்டு வாக்களிக்கும் நாம் கொடுப்பதோ பிறர் உடைமை: அயலான் பிள்ளையின் கல்வியும், மலைவாணன் நிலமும், நோயாளியின் மருந்தும். பிறர் பொருளைக் கொண்டு மெய்ப்பொருளார் ஆதல் எளிது. அது தொண்டு ஆகாது. அன்றியும், நீற்றுக்கு வாக்கு உண்டு என்று தெரிந்தவிடத்து நீறு பூசுவோர் பெருகுவர். அவருள் முத்தநாதர் எத்துணையர் என எண்ணுவது யார்? வேடத்திற்குரிய பெருமையைக் காக்க விரும்புவோர் முதலில் அதனைச் சந்தையினின்று மீட்டல் வேண்டும்.

அரசன் சமயம் முக்கியம் அன்றாயின் மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் பாண்டியன்பொருட்டு வருந்தியது என்னை என வினவுவர். தக்க வினாவே. அந்நாளில் அரசன் சமயம் நாட்டின் சமயமாயிற்று. அவனை மாற்றுதற்குக் குடிகட்கு வழியில்லை. இன்றைய உறுப்பினர் ஐந்தாண்டிற்கு நம் ஏவலர். திருக்கோயில் ஆட்சியைப் பற்றிய அச்சமும் வெறுமையன்று. ஆயின் சமயம் வேண்டும் பதவி எதுவோ அதற்குச் சட்டம் சமயத்தை விதித்தே உள்ளது. 1959ஆம் ஆண்டின் அறநிலையச் சட்டப்படி ஆணையர் முதலாய அலுவலர் இந்து சமயத்தவராதல் வேண்டும். சாலை போடவும் பள்ளி அமைக்கவும் செல்பவர்க்கு அவ்விதி எதற்கு?

ஈழத்துக் காங்கேசன்துறைத் தொகுதியை நோக்குக. கீரிமலையும் மாவிட்டபுரமும் உள்ள சைவ மண் அது. அம்மண்ணினர் 1947இல் தேர்ந்தெடுத்த செல்வநாயகம் கிறித்தவர். 1952இல் அவரை வீழ்த்திய நடேசன் சைவர், சேர் பொன்னம்பலம் இராமநாதனின் மருகர். 1956 முதல் அச்சைவ மக்களே செல்வநாயகத்தை மீண்டும் மீண்டும் அனுப்பினர். 1975 இடைத்தேர்தலிலும் அவரே வென்றார். எதிர்வழக்கிற்கு வலுவான இடமும் இங்கே உண்டு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் ஒடுக்கப்பட்டோர் உட்புகக் கேட்டுப் போராடினர். வேற்றுச் சமயத்தவராகிய உறுப்பினர்க்கு அஃது இக்கட்டாயிற்று, அவர் போதிய அளவு முன்னிற்கவில்லை என்னும் குறை எழுந்தது. அக்குறை நியாயமே. ஆயின் அன்று முன்வந்து நின்ற சைவ அரசியலார் சுந்தரலிங்கம் செய்தது யாது? கதவைத் திறக்கவன்று, அடைத்து வைக்கவே நின்றார். நந்தனாரைத் தொழும் சமயத்தவர் அவர். 1970இல் அவரே அத்தொகுதியிற் போட்டியிட, சைவ வாக்காளர் அவரைக் கைவிட்டுக் கிறித்தவரையே தெரிந்தனர்.

இனிக் கொல்லிமலைக்கு மீள்வோம். மலையாளிகள் காஞ்சியினின்று கரிராமனைக் கொண்டு போந்தோம் எனத் தம் பழங்கதையிற் கூறுவர். அவரே அறப்பளீசுரரையும் வணங்குவர். ஆதலின் நீற்றை மட்டும் காட்டி வாக்குக் கேட்பார்க்கு அங்கே இடர்ப்பாடுதான். 1913 முதல் ஜெஸ்ஸி பிராண்ட் என்னும் ஆங்கிலப் பாதிரியாரும் மனைவியார் எவலினும் அம்மலையில் தங்கினர். மருந்து கொடுத்தனர், பள்ளி வைத்தனர், தம் சமயத்தையும் போதித்தனர். 1929இல் கருநீர்க் காய்ச்சலால் பிராண்ட் அம்மலையிலேயே மாண்டார். 1914இல் அங்குப் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட் பின்னாளில் வேலூரில் தொழுநோயாளர் கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்து புகழ் பெற்றவர். பிராண்டின் சமயக் கொள்கை நமக்கு உடன்பாடன்று. அதனை மறுக்க நம்மிடம் நூல்கள் உள. ஆயின் காய்ச்சலிற் கிடந்த மலைவாணனுக்கு அன்று வேண்டியிருந்தது மறுப்பு நூல் அன்று. அம்மலையில் கிறித்தவர் ஒருவர் வேட்பாளராய் நிற்பின் அவரை வாக்கினால் தடுப்போம் என்னும் அன்பர், மலைமேல் மருந்தும் பள்ளியும் கொண்டு தாம் எப்போது ஏறினோம் என்று முன்னர்க் கணக்குக் காட்டுவாராக. விரிவஞ்சி இவ்வளவில் நிறுத்துகின்றாம்.