கடல் கடந்த கலியாணமும் கலைஞனின் கண்ணும்

தம் கலியாணத்தைத் தாமே திட்டமிட்டு, பிறந்த ஊரையும் பெற்றோர் வீட்டையும் விட்டு, தொலைவிலுள்ள ஒரு கடற்கரையிலோ தீவிலோ பழைய அரண்மனையிலோ அதை நடத்துவது இன்று வசதி படைத்தோரிடையே உலகளாவிய வழக்கமாகிவிட்டது. இடத்தைத் தெரிவுசெய்தல், விருந்தினரை விமானத்தில் வரவழைத்தல், பந்தல், பூ, இசை, படப்பிடிப்பு ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் ஒப்படைத்தல் என்று இதற்கென ஒரு தொழிலே வளர்ந்திருக்கிறது. இதைப் பற்றிப் பேசுவது ஓர் இலக்கிய ஏட்டின் வேலையா என்று சிலர் வினவக்கூடும். கலியாணம் என்பது சொத்தும் உறவும் சந்திக்கும் இடம். அந்தச் சந்திப்பை ஒரு சமுதாயம் தன் கதைகளில் எவ்வாறு காட்டுகிறது, எதைக் காட்டாது விடுகிறது என்று ஆராய்வது விமர்சகனின் கடமைகளுள் ஒன்று. அக்கடமையை முன்னிட்டு ஒரு நாவலையும் சில திரைப்படங்களையும் இங்கு எடுத்து நோக்குவோம்.

மணம் முடிப்பதற்காகப் பயணம் போவது புதியதன்று. 1753இல் இங்கிலாந்திலே ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் நிறைவேறி, மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இருபத்தொரு வயது நிரம்பாதோர் உரிமம் பெற்று மணப்பதற்குப் பெற்றோரின் சம்மதம் கட்டாயமாயிற்று. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இரகசியமாக மணந்து குடும்பச் சொத்தைக் கைநழுவ விட்டுவிடுவர் என்ற அச்சம் இச்சட்டத்தின் பின்னால் இருந்தது. ஆனால் ஸ்கொத்லாந்தை இது கட்டுப்படுத்தவில்லை. அங்கே இரு சாட்சிகள் முன் இருவரும் சம்மதத்தை வாய்விட்டுச் சொன்னாற் போதும். எனவே எல்லையைத் தாண்டியதும் வரும் கிரெற்னா கிறீன் என்ற சிற்றூருக்குக் காதலர் ஓடினர். கொல்லனின் பட்டடைக் கல்லே அவர்களுக்கு மணமேடை. 1856இல் இயற்றப்பட்ட சட்டமொன்று, மணமக்களுள் ஒருவரேனும் ஸ்கொத்லாந்தில் இருபத்தொரு நாள் தங்கியிருக்க வேண்டும் என்று விதித்த பின்னரே இந்த ஓட்டம் தணிந்தது. அந்நாளில் தூரத்துக் கலியாணம் சொத்துரிமையின் பிடியிலிருந்து தப்பும் ஒரு வழியாக இருந்தது. அதற்கு வேண்டியவை ஒரு வண்டியும், குதிரைகளும், கொஞ்சம் துணிவுமே.

1813இல் வெளிவந்த ஜேன் ஓஸ்ரினின் ‘பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்’ நாவலில் பதினாறு வயது லிடியா, தான் கிரெற்னா கிறீனுக்குப் போவதாகச் சிரிப்பும் கும்மாளமுமாகத் தோழிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு விக்கம் என்ற இராணுவ அதிகாரியுடன் ஓடிவிடுகிறாள். விக்கமுக்கு அங்கு போகும் எண்ணமே இல்லை. இருவரும் லண்டனில் ஒளிந்திருக்கின்றனர். கடைசியில் டார்சி என்ற செல்வன் தலையிடுகிறான். விக்கமின் ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட கடன் தீர்க்கப்படுகிறது; லிடியாவின் பெயரில் இன்னும் ஆயிரம் எழுதப்படுகிறது; இராணுவத்தில் ஒரு பதவியும் விலைகொடுத்து வாங்கப்படுகிறது. அதன் பின்பே தேவாலயத்தில் மணம் நிகழ்கிறது. எல்லை தாண்டும் காதல் என்ற கனவின் அடியில் ஒரு கணக்கேடு திறந்து கிடப்பதை ஓஸ்ரின் எண்களோடு எழுதிக் காட்டினார். அவருடைய உலகம் குறுகியது. அந்த வீடுகளில் சமைத்தவரும் குதிரைகளைப் பூட்டியவரும் அதில் முகம் பெறவில்லை. ஆயினும் பணத்தை மறைக்காத நேர்மை அவரிடம் இருந்தது. இவ்வளவு இனிமையான கதையில் இவ்வளவு துல்லியமான வரவு செலவைப் புகுத்த முடியும் என்பதே யதார்த்த இலக்கியத்தின் வெற்றி எனலாம்.

இவ்விடத்தில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தன் கலியாணத்தைத் தானே திட்டமிடும் உரிமை பெரும் போராட்டத்தினால் கிடைத்த உரிமை. யாரை மணப்பது, எப்போது மணப்பது, எவ்வளவு செலவழிப்பது என்பவற்றைக் குடும்பப் பெரியோரும் சாதியும் சீதனமும் தீர்மானித்த நிலையிலிருந்து, இருவர் தாமே தீர்மானிக்கும் நிலைக்கு வருவது முன்னேற்றமே. அதனை ஏளனம் செய்வோர் பழைமைக்கே துணைபோகின்றனர். நமது கேள்வி வேறு. தந்தையிடமிருந்து பெற்ற தீர்மானத்தை இளைஞர் தம் கையிலேயே வைத்திருக்கின்றனரா, அன்றிச் சந்தையிடம் ஒப்படைத்துவிட்டனரா? இன்றைய தூரத்துக் கலியாணக் கதைகளை இக்கேள்வியோடு அணுகுவது பயனுடையது.

2008இல் வெளிவந்த ‘மம்மா மியா’ திரைப்படத்தை முதலில் எடுப்போம். 1999இல் லண்டனில் அரங்கேறிய இசை நாடகம் இதன் மூலம். கிரேக்கத் தீவொன்றிலே சிறு ஹோட்டல் நடத்தும் டொன்னாவின் மகள் சோஃபி தன் கலியாணத்தைத் திட்டமிடுகிறாள். தாயின் பழைய நாட்குறிப்பைப் படித்து, தன் தந்தையாக இருக்கக்கூடிய மூவருக்கும் தாய் அறியாமல் அழைப்பிதழ் அனுப்புகிறாள். தந்தையின் பெயர் தெரியாத ஒரு பெண், தன்னை மணமேடைக்கு அழைத்துச் செல்ல ஒரு தந்தை வேண்டும் என்று ஏங்குகிறாள். அடிமனத்திலே பழைய குடும்ப அமைப்பு எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை இக்கரு நன்கு உணர்த்துகிறது. டொன்னா ஓயாது உழைப்பவள். பணக் கஷ்டத்தைப் பற்றிப் பாடுபவள். இந்த அளவுக்குப் படத்தில் உயிர் உண்டு.

ஆனால் தீவின் மக்கள் எங்கே? டொன்னாவும் தோழியரும் ஆடிப்பாடித் துறைமுகத்தை நோக்கிச் செல்லும் காட்சியிலே, கிராமத்துப் பெண்கள் செய்த வேலையை விட்டுவிட்டு அவர்கள் பின்னே ஓடிவருகின்றனர். முதியவள் ஒருத்தி சுமந்துவந்த விறகை எறிந்துவிட்டு ஆட்டத்தில் சேருகிறாள். பெண் விடுதலையின் களிப்பாக இதைப் பலர் கொண்டாடினர்; பார்ப்பவர் மனமும் ஒரு கணம் துள்ளத்தான் செய்கிறது. ஆனால் அந்த விறகு யாருடைய அடுப்புக்கு? அதை மறுபடி பொறுக்கியவள் யார்? படம் கேட்கவில்லை. பண்டைக் கிரேக்க நாடகத்தில் குழுப் பாடகர் கதை மாந்தரின் செயலை எடைபோட்டுத் தீர்ப்புக் கூறுவர். இங்கே அவர்களின் வழித்தோன்றல்களுக்குக் கையசைப்பும் ஆட்டமும் மட்டுமே மிஞ்சின. இப்படம் வெளிவந்து இரண்டு ஆண்டுகளுள், 2010 மே மாதத்தில், கிரேக்கம் கடன் நெருக்கடியில் முதலாவது கடனுதவி ஒப்பந்தத்தை ஏற்று, சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் வெட்டும் நிலைக்குத் தள்ளப்பட்டது.

படத்தின் முடிவு மேலும் சிந்திக்கத் தக்கது. மணமேடைக்கு வந்த சோஃபியும் அவள் காதலனும் இப்போது மணப்பதில்லை என்று முடிவு செய்கின்றனர். ஆயத்தமான கலியாணம் வீணாகவில்லை. தாய் டொன்னாவும் பழைய காதலன் சாமும் அதே மேடையில் மணக்கின்றனர். மேடை நிலைத்திருக்கிறது, மணமக்கள் மாறிவிடுகின்றனர். படம் எடுத்தோர் அறிந்து சொன்னார்களோ இல்லையோ, பண்டமாகிவிட்ட கலியாணத்தின் இயல்பு இதில் வெளிப்பட்டுவிட்டது. விலைகொடுத்து அமைத்த நிகழ்ச்சிக்கு இன்னார்தான் மணமக்கள் என்பது இரண்டாம் பட்சமே.

மணமக்களைப் போல இடமும் மாற்றிக்கொள்ளத் தக்கதாகிறது. முதற் படம் ஸ்கோப்பெலோஸ் முதலிய கிரேக்கப் பகுதிகளில் எடுக்கப்பட்டது. அங்கே பாறையுச்சியிலிருக்கும் புனித யோவான் சிற்றாலயம் அதன் பின் வெளிநாட்டு மணமக்கள் தேடிவரும் இடமாயிற்று. 2018இல் வந்த இரண்டாம் படத்திலோ அதே கிரேக்கத் தீவாக நடித்தது குரோஷியாவின் விஸ் தீவு. அப்படத்தை இயக்கிய ஒல் பார்க்கரே 2022இல் ‘டிக்கட் டு பரடைஸ்’ என்ற படத்தையும் இயக்கினார். அதன் கதை பாலித் தீவிலே நடக்கிறது. படப்பிடிப்போ அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்தது. நீலக்கடலும் பச்சைமரமும் இருந்தால் எந்த மண்ணும் எந்த மண்ணாகவும் விற்கப்படலாம். படப்பிடிப்புக்கு இது வசதியாக இருக்கலாம். ஆனால் ஊர் என்பது காட்சி மட்டுமே என்ற எண்ணம் கதையின் உள்ளேயும் புகுந்துவிட்டது என்பதே நம் குறை.

‘டிக்கட் டு பரடைஸ்’ படத்தில், சட்டம் படித்து முடித்த அமெரிக்கப் பெண் லிலி, விடுமுறைக்குப் போன பாலியிலே கடற்பாசி வளர்க்கும் கெடே என்ற இளைஞனைக் காதலித்து அங்கேயே மணக்க விரும்புகிறாள். விவாகரத்தான பெற்றோர் அதைக் குழப்புவதற்காகப் பறந்து வருகின்றனர், மணமோதிரங்களைக்கூடத் திருடுகின்றனர். பாலி மக்களைப் படம் இழிவுபடுத்தவில்லை. நகைப்புக்குள்ளாவோர் அமெரிக்கப் பெற்றோரே. ஆயினும் கெடேயின் தொழிலைப் பாருங்கள். பாலியின் அயல்தீவுகளான நூசா லெம்பொங்கானிலும் நூசா பெனிடாவிலும் கடற்பாசி வளர்ப்பு பல குடும்பங்களின் சீவனோபாயமாக இருந்தது. உல்லாசப் பயணம் பெருகப் பெருக அத்தொழில் சுருங்கியது; இளைஞர் ஹோட்டல்களுக்கும் படகுச் சவாரிக்கும் போயினர். 2020இல் பெருந்தொற்று வந்து விருந்தினர் வரவு நின்றதும், லெம்பொங்கான் மக்கள் பலர் மீண்டும் கடலில் இறங்கிக் கயிறு கட்டிப் பாசி வளர்த்தனர். இரண்டே ஆண்டுகள் கழித்து வந்த படத்தில் இந்த வரலாற்றின் நிழல்கூட இல்லை. கெடேயின் கடற்பாசி காதலுக்கு அழகூட்டும் பின்னணி. கடற்பாசியின் விலை என்ன, ஹோட்டல் வந்தால் அந்தக் கரை யாருக்கு என்ற கேள்விகள் எழுந்திருந்தால், லிலியின் முடிவுக்கே வேறு கனம் கிடைத்திருக்கும்.

பொழுதுபோக்குப் படத்திடம் பொருளியல் கேட்பது முறையா என்று சொல்வர். ஓஸ்ரின் நாவலும் வாசகர் மகிழ்ந்து படித்த பொழுதுபோக்கே. மகிழ்வூட்டுவதும் உண்மை சொல்வதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. இதற்கு நம் அயலிலிருந்தே இன்னொரு சான்று காட்டலாம்.

மீரா நாயர் இயக்கி, சப்ரினா தவான் எழுதிய ‘மொன்சூன் வெடிங்’ 2001இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது பெற்றது. டெல்லியிலுள்ள பஞ்சாபிக் குடும்பமொன்றின் வீட்டுக் கலியாணம் கதை. வீட்டிலேயே நடந்தாலும், அமெரிக்காவின் ஹூஸ்ரனிலிருந்து மாப்பிள்ளையும் உலகின் பல மூலைகளிலிருந்து உறவினரும் வந்து கூடும் கலியாணம். தந்தை லலித் செலவுக்குப் பணம் புரட்ட அலைகிறார்; அந்தக் கவலையைப் படம் ஒளிக்கவில்லை. அதைவிட முக்கியம், பந்தல் ஒப்பந்தக்காரன் டூபே இங்கு ஒரு முழு மனிதன். கைத்தொலைபேசியும் பொய் வாக்குறுதிகளுமாகச் சிரிப்பூட்டும் அவன், வேலைக்காரப் பெண் அலிஸைக் காதலிக்கிறான். பெரிய பந்தலின் கீழ்ப் பெரிய கலியாணம் நடக்க, தன் தொழிலாளர் சூழச் செவ்வந்திப் பூக்களின் கீழ் டூபே அலிஸை மணக்கிறான். அவர்களைப் பெரிய வீட்டார் ஆட்டத்துக்கு அழைத்துக்கொள்வது வர்க்க முரண்பாட்டைச் சற்று எளிதாகத் தீர்த்துவிடுகிறது என்பது உண்மை. எனினும் பந்தலைக் கட்டிய கைகளுக்கும் ஒரு கலியாணம் உண்டு என்று காட்டியதால் முழுப் படமும் உயர்கிறது. இதே படத்தில், சிறுமியாக இருந்தபோது தன்னைக் கெடுத்த உறவினனை ரியா எல்லார் முன்னிலையிலும் அம்பலப்படுத்துகிறாள். குடும்பத்துக்குப் பண உதவி செய்யும் அம்மனிதனை லலித் ஈற்றில் வெளியேற்றுகிறார். கலியாணத்தின் பளபளப்பைக் காப்பதா, உண்மையைக் காப்பதா என்ற கேள்விக்கு இங்கே துணிவான விடை கிடைக்கிறது.

பின்னணியாக இருக்க மறுக்கும் ஊர்கள் இன்று கதைக்கு வெளியேயும் உண்டு. 2025 ஜூனில் அமேசான் நிறுவனர் ஜெஃப் பெஸோஸின் கலியாணம் வெனிஸ் நகரில் நடந்தபோது அந்நகர மக்கள் திரண்டு எதிர்ப்புக் காட்டினர்; ஒரு விருந்தின் இடமே மாற்றப்பட்டது. 1950களின் தொடக்கத்தில் சுமார் 1,75,000 பேர் வாழ்ந்த அப்பழைய நகரப் பகுதியில், 2022இல் மக்கள்தொகை 50,000த்துக்கும் கீழே இறங்கியிருந்தது. குடியிருந்தோர் நீங்க, விருந்தினரே மிஞ்சும் நகரின் வேதனை அவ்வெதிர்ப்பில் ஒலித்தது.

நம் நாடும் இக்கதைக்குப் புறம்பானதல்ல. பெந்தோட்டை போன்ற தென்மேற்குக் கரையோரங்களில், கண்டிய நடனக்காரரும் மேளகாரரும் முன்செல்ல, சிங்கள மரபின் ‘பொருவ’ மேடையில் ஐரோப்பிய இணைகள் மணம் செய்ய ஹோட்டல்கள் ஏற்பாடு செய்கின்றன. ஒரு சமூகத்தின் சடங்கு, கட்டணப் பட்டியலில் ஒரு வரியாகிறது. அங்கே பரிமாறுவோரின் வருமானத்தில் பெரும்பங்கு, விருந்தினர் செலுத்தும் 10 வீத சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கே. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்பு, 2020இன் பெருந்தொற்று, 2022இன் பொருளாதார நெருக்கடி ஆகிய ஒவ்வொன்றின் போதும் விருந்தினர் குறைய, அந்தப் பங்கும் கரைந்தது. மணமக்கள் தம் திகதியைத் தள்ளிவைக்கலாம். பரிமாறுவோன் தன் பிள்ளையின் பசியைத் தள்ளிவைக்க முடியாது.

தூரத்தில் மணப்பது குற்றம் என்று நாம் கூறவில்லை. கிரெற்னா கிறீனுக்கு ஓடிய காதலரின் பக்கமே நம் அனுதாபம். சாதியும் மதமும் துரத்த, ஊரை விட்டுப் போய் எழுத்து எழுதிக்கொள்ளும் இளைஞர் இன்றும் உள்ளனர். அவர்களின் தூரம் வேறு, விலைப்பட்டியலிலுள்ள தூரம் வேறு. இந்த வேறுபாட்டை வாசகருக்கு உணர்த்த வல்லது கலை. ஓஸ்ரின் கணக்கேட்டைத் திறந்து வைத்தார். மீரா நாயர் பந்தற்காரனுக்கு முகம் கொடுத்தார். பெந்தோட்டைக் கரையில் அந்நியரின் மணவூர்வலத்துக்கு மேளம் அடித்துவிட்டு, இரவுப் பஸ்ஸில் வீடு திரும்பும் கலைஞனின் கதையை எழுத வேண்டியவர்கள் நம்மிடையே உள்ள இளம் எழுத்தாளர்கள். அவனுடைய மகளின் கலியாணம் எங்கே, எப்படி, எந்தப் பணத்தில் நடக்கும் என்று அவர்கள் விசாரிக்கட்டும். அந்த விசாரணையிலிருந்து ஒரு நல்ல நாவல் பிறக்கும்.