எண்ணெய் பிரியாத சட்டி

ஒரு சமையல் பாத்திரம் தேறுமா என்று பார்க்க அதில் பிராய்லர் கோழியைப் போட்டுப் பயனில்லை. பிராய்லர் எதில் போட்டாலும் வேகும். தோலும் கொழுப்பும் சவ்வும் எலும்புமாக இருக்கிற பன்றிக்கறியைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரே துண்டில் இருக்கும் சிவப்புச் சதை சீக்கிரம் வெந்து, கவனிக்காமல் விட்டால் வறண்டுபோகும். தோலும் சவ்வும் மணிக்கணக்கில் கிடந்தால்தான் இளகும். கொழுப்பு உருகி வெளியே வரவும் வேண்டும், கடிக்கும்போது உள்ளே கொஞ்சம் மிச்சமிருக்கவும் வேண்டும். ‘காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள், மாலையில் வந்து சாப்பிடுங்கள்’ என்று விற்கப்படும் ஸ்லோ குக்கர் இந்தச் சோதனையில் தேறுகிறதா?

இதை முள்ளுக்குறிச்சியில் வைத்துக் கேட்கிறேன். நாமக்கல் மாவட்டத்தில், கொல்லிமலை அடிவாரத்தில், மலைக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று தொடங்குகிற ஊர் இது. மலைமேல் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்து விளைகிறது மிளகு. பக்கத்து நாமகிரிப்பேட்டை மஞ்சளுக்குப் பேர்போனது. சின்ன வெங்காயத்துக்கு ராசிபுரம் வட்டாரத்தைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. சுற்றுவட்டாரம் மரவள்ளிக் காடு. சேகோ ஆலையில் மிஞ்சும் திப்பி கால்நடைத் தீவனமாகிறது. பன்றிக்கறிக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு நேற்று வந்ததில்லை. கொல்லியை ஆண்ட வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152ஆம் பாட்டில், ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான் என்று துளைத்துக்கொண்டு போய்க் காட்டுப்பன்றியையும் கடந்து உடும்பில் நிற்கிறது. இன்று காட்டுப்பன்றியை வேட்டையாடினால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாயும். ஆகவே இங்கே பேச்சு முழுவதும் கொட்டகையில் வளர்த்த பன்றியைப் பற்றியதுதான்.

எடைபோட ஓர் அளவுகோல் வேண்டும். என் அளவுகோல் விறகடுப்பில் செய்யும் மிளகு வறுவல். தோலைத் தீயில் பொசுக்கி, மஞ்சள் தேய்த்து, கத்தியால் சுரண்டிக் கழுவிய கறி. தோல், கொழுப்பு, சதை மூன்றும் ஒவ்வொரு துண்டிலும் இருக்கும்படி வெட்ட வேண்டும். சட்டியில் கறி, மஞ்சள், உப்பு, தட்டிய இஞ்சி பூண்டு, உரித்த சின்ன வெங்காயம். தண்ணீர் கொஞ்சம்தான், கறியே விடும். மூடி வைத்து, விறகை இழுத்துத் தீயைக் குறைத்து, ஒன்று ஒன்றரை மணி நேரம். இது வரைக்கும் நடப்பது வேக்காடு. கறி ருசியாவது அதற்குப் பிறகுதான். மூடியைத் திறந்து தண்ணீரைச் சுண்டவிட வேண்டும். கொதிக்கும் சத்தம் அடங்கிப் பொரியும் சத்தம் கேட்கத் தொடங்கும். கறி விட்ட கொழுப்பிலேயே வெங்காயமும் மசாலாவும் வறுபட்டு, சட்டியின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அப்போது இடித்த மிளகைத் தூவிக் கிளறி இறக்குவார்கள். மிளகு கடைசியில் விழுவதற்குக் காரணம் உண்டு. உறைப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் தங்கும், வாசம் ஆவியோடு போய்விடும்.

ஸ்லோ குக்கர் எதற்காகப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் அதன் பலமும் பலவீனமும் சேர்ந்தே விளங்கும். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1936இல் விண்ணப்பித்து, 1940இல் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலை ஓய்வுநாள் தொடங்கும் முன், பீன்ஸும் கறியும் தண்ணீரும் நிறைந்த பானையை ஊர் ரொட்டிக்கடையின் அணையும் அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். ஓய்வுநாளில் தீ மூட்டக் கூடாது என்பது அவர்கள் மார்க்கம். பாட்டி காலத்து இந்தச் சமையலைத் தாய் சொல்லக் கேட்டுத்தான் நாக்ஸன் தன் கருவியை வடிவமைத்தார். அவருடைய நிறுவனத்தை ரைவல் 1970இல் வாங்கி, அடுத்த ஆண்டு கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. வேலைக்குப் போகும் பெண்களை நோக்கி விளம்பரம் செய்தது, விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. பன்றியையே தொடாத சமூகத்தின் பானையிலிருந்து பிறந்த கருவி என்பதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அது தண்ணீரோடு தொடங்கித் தண்ணீரோடு முடிகிற சமையலுக்காக உருவானது. மூடி இறுக்கமாக உட்கார்ந்து, ஏறும் ஆவியைத் திரும்பக் கீழே விடுவதுதான் அதன் வேலை.

அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது. இதை மனப்பூர்வமாகச் சொல்கிறேன். தோலிலும் சவ்விலும் இருக்கும் கொலாஜன் ஜெலட்டினாக மாற வேண்டும். 70 டிகிரியைத் தாண்டினால் அந்த மாற்றம் வேகம் பிடிக்கும், ஆனால் நேரம் கேட்கும். ஸ்லோ குக்கரின் ‘லோ’, ‘ஹை’ இரண்டும் பெரும்பாலும் கடைசியில் போய்ச் சேரும் சூடு ஒன்றுதான், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே. போய்ச் சேரும் நேரத்தில்தான் வித்தியாசம். ஏழெட்டு மணி நேரம் கழித்து மூடியைத் திறந்தால், தோள்பட்டைக் கறியின் தோல் கண்ணாடி போல் மினுங்கும். கரண்டி பட்டால் குழையும், ஆனால் கரைந்து போயிருக்காது. பன்றிக்கால் போட்டால் இன்னும் விசேஷம். கணுவில் இருக்கும் நரம்பெல்லாம் இளகி, சாறு உதட்டில் ஒட்டும். ஆறவைத்தால் கட்டியாக உறையும். காஸ் அடுப்பில் இதைச் செய்ய வேண்டுமென்றால் ஆள் பக்கத்திலேயே நிற்க வேண்டும், சிலிண்டரும் தீர வேண்டும். 200 வாட் ஸ்லோ குக்கர் எட்டு மணி நேரம் ஓடினாலும் 1.6 யூனிட்தான். குறிப்பிட்ட யூனிட் வரைக்கும் மின்சாரம் இலவசமாக வரும் தமிழ்நாட்டு வீட்டுக்கு அது பொருட்டே இல்லை.

பிரஷர் குக்கரோடு ஒப்பிட்டால் இந்தப் பலம் தெளிவாகும். பிரஷர் குக்கருக்குள் சூடு 120 டிகிரி வரைக்கும் போகும். அரைமணி நேரத்தில் தோல் வெந்துவிடும், உண்மைதான். ஆனால் தோல் வேகும் நேரத்தில் சதை நார்நாராகிவிடும். சதைக்காக முன்னதாக இறக்கினால் தோல் ரப்பராக இழுக்கும். எத்தனை விசில் என்பதை அந்தப் பன்றியின் வயதைத் தெரிந்துகொண்டுதான் சொல்ல முடியும், கடையில் வாங்குகிறவருக்கு அது தெரியாது. ஸ்லோ குக்கரில் அரைமணி நேரம் முன்னே பின்னே போனாலும் பெரிதாக எதுவும் கெட்டுப்போகாது. அவசரத்துக்குப் பிரஷர் குக்கர் இருக்கட்டும். தோல்கறிக்கு அது சரியான பாத்திரம் இல்லை.

இனி பலவீனம். வேலை முடிந்து வந்து மூடியைத் திறக்கிறவர்கள் முதலில் பார்ப்பது மேலே விரல் கனத்துக்கு நிற்கும் கொழுப்பை. எண்ணெய் பிரிந்துவிட்டது, கறி ஆகிவிட்டது என்று நினைக்கத் தோன்றும். கரண்டியை அடிவரைக்கும் விட்டுக் கிளறிப் பாருங்கள். கொழுப்புக்குக் கீழே கிடப்பது மஞ்சள் நிறத் தண்ணீர், போட்டதைவிட அதிகமாக. கறி விட்ட நீர் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, ஒரு சொட்டும் வெளியே போகவில்லை. கொழுப்பு இலேசானது என்பதால் மிதக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் இருக்கும் வரைக்கும் சட்டியின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வெங்காயமும் கறியும் சிவந்து வறுபட்ட மணம் தர 140 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். அதனால் எட்டு மணி நேரம் வெந்த பிறகும் பூண்டில் பச்சை வாசம் இருக்கும். கொத்தமல்லித் தூள் கரைசலாகவே நிற்கும். காலையிலேயே போட்ட மிளகு உறைப்பாக மட்டும் எஞ்சியிருக்கும். கொல்லிமலை மிளகை அப்படி வீணாக்குவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இது நம் ஊர் வறுவலுக்கு மட்டும் உள்ள சிக்கலா? இல்லை. தென்னாட்டின் பேர்பெற்ற பன்றிக்கறிகள் பலவும் தண்ணீர் சுண்டிய பிறகுதான் உருப்பெறுகின்றன. குடகின் பன்றிக்கறி கருக வறுத்த மசாலாவிலும், குடம்புளி இனத்துப் பழத்திலிருந்து காய்ச்சி எடுக்கும் கச்சம்புளியிலும் கறுத்துத் திரண்டு வருவது. கேரளக் கிறிஸ்தவ வீடுகளில் கூர்க்கக் கிழங்கோடு புரட்டி எடுக்கும் கறியும் அதே வழிதான். அமெரிக்காவிலேயே ஸ்லோ குக்கரில் வேகவைத்துப் பிய்த்துப் போடும் பன்றிக்கறி, கரோலினா மாநிலங்களில் விறகுக் கனலில் இரவெல்லாம் வாட்டும் கறிக்கு மாற்றாகத்தான் வைக்கப்படுகிறது. புகையில்லாத குறையைப் பாட்டில் சாஸின் இனிப்பும் புகைவாசமும் ஈடுகட்டுகின்றன. அந்தச் சாஸை ஊற்றிய கறியைச் சாமைச்சோற்றுக்கும் ராகிக்களிக்கும் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கு எதிராக ஒரு வலுவான சாட்சி உண்டு, அதை மறைக்கக் கூடாது. நாகாலாந்தில் பன்றிக்கறியை அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு நாள்கணக்கில் புகையூட்டுகிறார்கள். பிறகு புளிக்கவைத்த சோயாவோடோ மூங்கில் குருத்தோடோ நிறையச் சாறு விட்டு வேகவைக்கிறார்கள். மணம் முழுவதும் வேக்காட்டுக்கு முன்பே கறியில் ஏறிவிட்டது, உணவும் சாறோடுதான் பரிமாறப்படுகிறது. அந்தக் கறிக்கு ஸ்லோ குக்கரைவிடப் பொருத்தமான மின்பாத்திரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆகவே கருவியைப் பன்றிக்கு ஒவ்வாதது என்று தள்ள முடியாது. மணம் எப்போது ஏறுகிறது என்பதைப் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும். முன்பே ஏறினால் ஸ்லோ குக்கர் ஜெயிக்கும், கடைசியில் ஏறினால் தோற்கும்.

ஸ்லோ குக்கர் பிரியர்கள் சொல்லும் இன்னொரு நியாயம் சமையலைத் தாண்டியது. பன்றிக்கறி தின்னும் வீடுகளிலும் அதை உள்ளடுப்பில் ஏற்றாத பழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. கொல்லைப்புறத்தில் மூன்று கல், தனிச்சட்டி, தனிக்கரண்டி. நகரத்தில் வாடகை வீட்டில் கொல்லைப்புறத்துக்கு எங்கே போவது? வாசம் பக்கத்து வீட்டுக்குப் போனால் வீட்டுக்காரர் காதுக்குப் போகும். பால்கனியில் ஒரு பிளக்கில் சொருகிவிட்டால் சத்தமும் இல்லை, வாசமும் குறைவு. இந்த நெருக்கடி உண்மையானது. தன் சோற்றை ஒளித்துச் சமைக்க வேண்டியிருப்பவரின் வேதனையை நான் சிறிதாக நினைக்கவில்லை. அந்த நிலைக்கு யாரையும் தள்ளுவது அநியாயம். ஆனால் வாசம் குறைவதற்கும் ருசி குறைவதற்கும் காரணம் ஒன்றே. வறுபடுவது நின்றால்தான் வாசம் நிற்கும். பக்கத்து வீட்டுக்குப் போகாத மணம் நம் தட்டுக்கும் வருவதில்லை. ஆகவே இதற்காகக் கருவிக்கு நான் மதிப்பெண் போட மாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி ஒரு பயம் உலவுகிறது. மெதுவாக வெந்தால் நாடாப்புழு சாகாதாம். முழுதாக வெந்த ஸ்லோ குக்கர் கறியில் சூடு 90 டிகிரிக்கு மேல். 60ஐத் தாண்டி நீடிக்கும் சூட்டிலேயே கறியில் இருக்கும் புழுக்கட்டிகள் செத்துவிடும். நாடாப்புழுவால் மூளையில் கட்டி வருவதோ, புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து வரும் முட்டைகள் உணவிலோ தண்ணீரிலோ கலப்பதால். அதற்குக் கழிப்பறையும் கைகழுவுவதும்தான் மருந்து. மெய்யான ஆபத்துகள் வேறு. உறைந்த கறியை அப்படியே போட்டால் நடுப்பகுதி சூடேறுவதற்குள் கிருமி பெருகும். வீட்டில் ஆளில்லாத நேரம் மின்சாரம் போய் வந்தால் கறி எவ்வளவு நேரம் வெதுவெதுப்பில் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. அப்படி நடந்தது என்று தெரிந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கறியாக இருந்தாலும் கொட்டிவிட வேண்டும்.

என் தீர்ப்பு இது. பன்றிக்கால் சாறு, தலைக்கறிக் குழம்பு, புகையூட்டிய கறி ஆகிய மூன்றுக்கும் ஸ்லோ குக்கர் விறகடுப்புக்குச் சமம், பிரஷர் குக்கருக்கு மேல். தோல்கறி வறுவலுக்கு அது முதல் பாதியை மட்டும் செய்து தரும். ‘போட்டுவிட்டுப் போங்கள்’ என்ற வாக்குறுதி அங்கே பொய். வெண்பன்றியின் கொழுப்பில்லாத முதுகுச்சதைக்கு அது கூடவே கூடாது. இளக வேண்டிய சவ்வு அதில் இல்லை, எட்டு மணி நேரத்தில் பஞ்சாகிவிடும். கறி வாங்கும்போதே, ‘அண்ணா, தோலோட தோள்பட்டைல போடுங்க’ என்று கேட்டு வாங்க வேண்டும்.

வறுவலுக்கு அதைப் பயன்படுத்துகிறவர்கள் முறையை மாற்றியாக வேண்டும். தண்ணீரே ஊற்ற வேண்டாம். காலையில் கறி, மஞ்சள், உப்பு, இஞ்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இடையில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். போன சூடு திரும்பக் கால்மணி நேரமாவது ஆகும். மாலையில் சாற்றை வடித்துத் தனியே வைத்து, மேலே நிற்கும் கொழுப்பை மட்டும் அள்ளி இரும்பு வடச்சட்டியில் விட்டு, அதில் சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் சிவக்க வதக்கி, கறியைப் போட்டுப் புரட்டுங்கள். சாற்றைக் கரண்டி கரண்டியாக விட்டுச் சுண்டவையுங்கள். மிளகு அப்போதுதான். அரைமணி நேரம் அடுப்படியில் நிற்கத்தான் வேண்டும். புதிதாக வாங்குகிறவர்கள் பீங்கான் உள்சட்டி உள்ளதை விட்டுவிட்டு, அடுப்பில் ஏற்றத் தோதான உலோக உள்பாத்திரம் உள்ளதைத் தேடுங்கள். பீங்கான் நேரடித் தீயில் விரிசல் விடும். உலோகமென்றால் வேகவைத்த பாத்திரத்திலேயே வறுத்து இறக்கலாம், அடியில் ஒட்டிய மசாலாவும் கறியோடு வந்துசேரும்.