மாடல் டி இன்ஜினும் ஒற்றை எண்ணும்

1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் டி காருக்கு எந்த இன்டேக் மேனிஃபோல்டு, எந்த கார்புரேட்டர் சிறந்தது என்று தீர்மானிக்க எளிய வழி ஒன்று உண்டு: இன்ஜினை டைனமோமீட்டரில் ஏற்றி, திராட்டிலை முழுக்கத் திறந்து, வரும் குதிரைத்திறனைக் குறித்துக்கொள்வது. இதன் பலம் வெளிப்படை. எதிர்காற்று, மேடு, ஓட்டுபவரின் கைவாகு எதுவும் குறுக்கே வராது. இன்று எடுத்த அளவை நாளையும் எடுத்துச் சரிபார்க்கலாம். சாலைச் சோதனையில் இது நடக்காது என்பவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் திரும்பத் திரும்ப ஒரே விடை வருவதாலேயே, கேட்ட கேள்வி சரியாகிவிடுமா?

இந்த இன்ஜினின் அமைப்பைப் பார்ப்போம். 2.9 லிட்டர் கொள்ளளவு. 1,600 சுற்றில் 20 குதிரைத்திறன். சிலிண்டர்கள் முழுதாக நிரம்பினாலும் நிமிடத்துக்கு 2,300 லிட்டர் சொச்சம் காற்றுதான் தேவை. நான்கு சிலிண்டருக்கும் இரண்டே நுழைவாய்கள். வெடிப்பு வரிசை 1-2-4-3 என்பதால், முதல் சிலிண்டர் இழுத்து முடித்த கையோடு அதே வாயில் இரண்டாவது இழுக்கிறது; பிறகு ஒரு சுற்று முழுக்க அந்த வாய்க்கு ஓய்வு. அந்த ஓய்வில் பெட்ரோல் துளிகள் குழாய்ச் சுவரில் படிகின்றன. முதலில் இழுப்பதற்கும் அடுத்து இழுப்பதற்கும் ஒரே கலவை கிடைக்கும் என்று எப்படி நம்புவது? குழாயை அகலமாக்கினால் காற்றோட்டம் எளிதாகும். ஆனால் குறைந்த வேகத்தில் காற்று மந்தமாகி, படிவது இன்னும் கூடும். உலர்ந்த காற்றை ஒரே சீராக இழுத்து அளக்கும் ஃப்ளோ பெஞ்சுக்கு இது தெரியவே தெரியாது.

மொத்த சக்தி கூடினால் போதாதா, பங்கீடு எப்படி இருந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் டைனமோமீட்டர் ஏமாற்றுகிறது. காற்றும் பெட்ரோலும் 12-க்கு 1, 13-க்கு 1 என்ற அளவுகளுக்கு இடையே எங்கிருந்தாலும் முழுத் திராட்டில் சக்தி பெரிதாக மாறாது. ஆகவே ஒரு சிலிண்டர் கொஞ்சம் கூடுதலாகக் குடித்தாலும் எண் அசையாது. ஆனால் பாதித் திராட்டிலில், மெலிந்த கலவை பெறும் சிலிண்டர் திக்காமலிருக்க கார்புரேட்டரின் எரிபொருள் ஊசியைத் திறந்துவைக்க, மற்றவை வீணாகக் குடிக்கும். மாடல் டியில் அந்த ஊசியை ஓட்டுபவரே இருக்கையிலிருந்து திருகலாம். மேனிஃபோல்டை மாற்றிவிட்டு ஊசியைப் புதிதாகச் சரிசெய்யாமல் எடுத்த அளவு, மேனிஃபோல்டை அல்ல, கலவையையே ஒப்பிடுகிறது.

டைனமோமீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் குதிரைத்திறனோடு பாதித் திராட்டில் எரிபொருள் செலவையும் நான்கு ஸ்பார்க் பிளக்குகளின் நிறத்தையும் காட்டாத சோதனையை நம்பிப் பணம் போடாதீர்கள்.