நாவலூர்க் காற்றும் ஒரு பருவ அளவீடும்

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையில் அமைந்த ஊர் நாவலூர். கிழக்கே சுமார் 3 கி.மீ. தொலைவில் வங்கக் கடல். இடையே பக்கிங்காம் கால்வாய். 2008-ல் மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஆறுவழிச் சாலை திறக்கப்பட்ட பின், இப்பகுதி அடுக்குமாடிகளாலும் கணினி நிறுவனங்களாலும் நிறைந்தது. மெட்ரோ ரயிலின் மாதவரம்–சிறுசேரித் தடமும் இவ்வழியே வகுக்கப்பட்டது. இத்தகைய ஓரிடத்தில் புதிய குடியிருப்புத் திட்டம் ஒன்று வந்தால், அங்குள்ளோர் சுவாசிக்கும் காற்று என்னவாகும்?

இதை முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. அதில் காற்றைப் பற்றிய அத்தியாயம் எவ்வளவு நம்பத்தக்கது என்பதை இங்கு ஆராய்வோம்.

எத்தனை நாள் அளக்கிறார்கள்?

முதலில் இப்போதுள்ள மாசின் அளவைக் காண்கிறார்கள். வழக்கமான முறை இதுதான்: மழைக்காலம் அல்லாத ஒரு பருவம், 12 வாரங்கள், வாரத்துக்கு 2 நாட்கள். ஓரிடத்தில் ஆக 24 அளவீடுகள். கருவிகள் நல்லவை, முறைகளும் தரப்படுத்தப்பட்டவை. அதில் குறை காண்பதற்கில்லை.

ஆனால், 2009-ல் வெளியிடப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகள், ஆண்டுச் சராசரி காண ஓராண்டில் குறைந்தது 104 அளவீடுகள் தேவை என்கின்றன. 24 அளவீடுகளைக் கொண்டு ஆண்டு முழுவதற்கும் தீர்ப்புச் சொல்வது, காலாண்டுத் தேர்வின் மதிப்பெண்ணைக் கொண்டே ஆண்டுத் தேர்வில் தேர்ச்சி என அறிவிப்பது போன்றது.

ஏப்ரல், மே மாதங்களில் அளந்தால் கடற்காற்று பலமாக வீசும். மாசு விரைவில் கலைந்துவிடும். ஜனவரி விடியற்காலையோ வேறு விதம். தரை குளிர்ந்து, அதன் மேல் வெப்பமான காற்று மூடிபோல் நிற்கும். 2018 போகியன்று புகையும் பனியும் சேர்ந்து மீனம்பாக்கத்தில் விமானங்களைத் தாமதப்படுத்தியதைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். கோடையில் எடுத்த அளவீட்டில் இந்த ஜனவரி தெரியவே தெரியாது.

ஓர் எளிய கணக்கு

மாசின் செறிவு, அதை வெளிவிடும் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. காற்றின் வேகத்தையும், மாசு கலக்கும் அடுக்கின் உயரத்தையும் பெருக்கிக் கொள்ளுங்கள். செறிவு அப்பெருக்குத் தொகைக்கு எதிர்விகிதத்தில் இருக்கும். நண்பகலில் வேகம் வினாடிக்கு 4 மீட்டர், உயரம் 1000 மீட்டர் எனக் கொள்வோம். பெருக்குத் தொகை 4000. இரவில் வேகம் 1 மீட்டர், உயரம் 200 மீட்டர், தொகை 200. அதே புகை, அதே தூசி. செறிவு மட்டும் 20 மடங்கு!

கடலோரத்தில் இன்னொரு நுட்பம் உண்டு. கடற்காற்று குளிர்ந்து, அடுக்கு கலையாமல் நிலத்துக்குள் வருகிறது. சூடான தரையைத் தொட்ட பிறகே அது கீழிருந்து மேலாகக் கலங்கத் தொடங்கும். ஆகவே கரைக்கு அருகில் கலப்பு உயரம் குறைவு. உள்ளே செல்லச் செல்ல அதிகம். கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மைய விஞ்ஞானிகள் இதை விரிவாக ஆராய்ந்துள்ளனர். கடலிலிருந்து மேலும் உள்ளே இருக்கும் மீனம்பாக்கத்தின் கலப்பு உயரத்தை அப்படியே நாவலூருக்கும் பயன்படுத்தினால், விடை உண்மையைவிட நம்பிக்கை தருவதாகவே அமையும்.

சராசரியின் மறைப்பு

2.5 மைக்ரான் வரையுள்ள நுண்துகள்களுக்கு நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு, கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது 15. ஒரு நாளில் 20 மணி நேரம் 40, மீதி 4 மணி நேரம் 150 என இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சராசரி சுமார் 58. அறிக்கை "வரம்புக்குள் உள்ளது" என்று எழுதும். அந்த 4 மணி நேரம், குழந்தைகள் பள்ளிப் பேருந்துக்குச் சாலையோரம் நிற்கும் நேரத்தையும் உள்ளடக்கியதாக இருந்தால்?

இதைவிடப் பெரிய குறை, ஒவ்வொரு திட்டமும் தன்னை மட்டுமே கணக்கிடுவது. முன்பே உள்ள மாசு 45, புதிய திட்டம் சேர்ப்பது 1, மொத்தம் 46. இத்தகைய 20 திட்டங்கள் தனித்தனியே இதே கணக்கைக் காட்டித் தேறிவிடலாம். சேர்த்துப் பார்த்தால் 65! எல்லாத் திட்டங்களின் உச்சமும் ஒரே இடத்தில் விழாது என்பது உண்மையே. ஆனால் எல்லாவற்றின் வாகனங்களும் ஒரே சாலையில்தான் வந்து சேர்கின்றன.

யார் கேட்பது?

2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டர் முதல் முன் அனுமதி தேவை. ஆனால் 1,50,000 சதுர மீட்டருக்குக் குறைந்த கட்டடங்களுக்கு முழு மதிப்பீட்டு அறிக்கை கேட்கப்படவில்லை. அதற்கு மேற்பட்ட நகரியங்களுக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. சுவாசிப்பவரைக் கேளாமலே முடிவு செய்யலாம் என்பதுதான் இதன் பொருள்.

கட்டுமானத் தூசிக்கு 2018 ஜனவரியில் விதிகள் வந்தன: பொருள்களை மூடிவைத்தல், காற்றுத் தடுப்பு அமைத்தல், நீர் தெளித்தல். விதிகள் நல்லவையே. ஆயினும் கணிப்பு பலித்ததா என்று பின்னால் அளந்து ஒப்பிட்டால் அல்லவா அது அறிவியல்? சோதித்துப் பார்க்காத கணிப்பு வெறும் ஆரூடம்.

எனவே மாணவர்களே, இத்தகைய அறிக்கை ஒன்று கைக்குக் கிடைத்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எந்த மாதங்களில் அளந்தார்கள்? கலப்பு உயரத்தை எங்கிருந்து எடுத்தார்கள்? மணிவாரியான உச்ச அளவு எங்கே? பக்கத்துத் திட்டங்களைச் சேர்த்தார்களா? இவற்றைக் கேட்கப் பட்டம் தேவையில்லை. பிளஸ் டூ இயற்பியலும், நம் ஊர்க் காற்று நம்முடையது என்ற எண்ணமும் போதும்.